ஃபிபா 3×3 சேவை: சின்ன நாடு தேசிய அணி கட்ட இது எவ்வளவு தூரம் உதவும்?

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, அரைக் கோர்ட்டில் ஒரே கூடையில் அணிக்கு மூன்று பேராக ஆடும் 3×3 ஆட்டத்துக்கென்றே ஓர் இணையச் சேவையை நடத்துகிறது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, போட்டி நடத்துபவர்களுக்கு ஈவென்ட்மேக்கர் என்ற மென்பொருள், இரண்டையும் இணைத்து ஓடும் உலகத் தரவரிசை. இதற்குக் கட்டணம் இல்லை. பணமும் ஆளும் குறைவாக உள்ள ஆசிய நாடுகளுக்கு இது நிஜமாகவே பயன்படுகிறதா, எங்கே சறுக்குகிறது, இதோடு சேர்த்து வாங்க வேண்டிய பந்தும் தரையும் எப்படி என்பதுதான் இந்த மதிப்புரை.

உரசிப் பார்க்க மங்கோலியாவை விட நல்ல உதாரணம் கிடையாது. மக்கள்தொகை சுமார் 35 லட்சம். டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 3×3 பிரிவில் நான்கு இடங்களை 2019 நவம்பர் 1 அன்று இருந்த தரவரிசையை வைத்தே கொடுத்தார்கள். ரஷ்யா, சீனா, ருமேனியாவோடு மங்கோலியாவும் அப்படி நேரடியாக உள்ளே போனது. ஒலிம்பிக்கில் ஒரு குழு விளையாட்டில் அந்த நாடு இறங்கியது அதுவே முதல்முறை. தொடக்க விழாவில் கொடி பிடித்த இருவரில் ஒருவர் அந்த அணியின் குலான் ஓனோல்பாத்தர். ஆனால் களத்தில் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றார்கள். அதற்குப் பிறகு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3×3 பிரிவில் மங்கோலியப் பெண்கள் வெள்ளியும் ஆண்கள் வெண்கலமும் வாங்கினார்கள். 2025 ஜூனில் உலான்பாத்தரின் சுக்பாத்தர் சதுக்கத்தில் நடந்த 3×3 உலகக் கோப்பையில், 20 அணிகளுக்கு நடுவே பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை வந்து நெதர்லாந்திடம் தோற்று வெள்ளி பெற்றது. ஓனோல்பாத்தர் அந்த அணியிலும் இருந்தார்.

இந்தச் சேவை எதைத் தரும், எதைத் தராது என்பது டோக்கியோ தோல்விகளுக்கும் உலான்பாத்தர் வெள்ளிக்கும் நடுவில்தான் இருக்கிறது. தரவரிசைப் புள்ளி கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுப்பதற்கு அது உதவாது. அதற்கான உழைப்பு நாட்டுக்குள் தனியாக நடக்க வேண்டும்.

சின்ன நாடு ஏன் இந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்குத் தலைக்கணக்கே போதும். வழக்கமான கூடைப்பந்தான ஐவர் ஆட்டத்துக்கு 12 பேர் வேண்டும். அதில் நான்கைந்து பேராவது உள்ளே நின்று மோதக்கூடிய உயரமும் உடலும் கொண்டவர்களாக இருக்க வேண்டும். கோச், உதவிக் கோச், பிசியோ எல்லாரையும் சேர்த்தால் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிட்டத்தட்ட இருபது டிக்கெட். 3×3 அணிக்கு ஆடுபவர்கள் நான்கே பேர், களத்தில் மூவர், மாற்று ஆள் ஒருவர். ஒரே செலவில் மூன்று மடங்கு அதிகப் பயணம் போகலாம். உலகத் தரத்தில் நான்கு பேரைத் தயார் செய்வது பன்னிரண்டு பேரைத் தயார் செய்வதில் மூன்றில் ஒரு பங்கு வேலை என்று நினைத்துவிட வேண்டாம், அதைவிடவும் சுலபம். ஏழாவது, எட்டாவது ஆள் வரை தரம் இறங்காமல் பார்ப்பதில்தான் சின்ன நாடுகள் ஐவர் ஆட்டத்தில் விழுகின்றன.

இன்னொரு காரணம் புள்ளிக் கணக்கு. ஐவர் ஆட்டத்தில் ரிங்கைச் சுற்றி வரைந்த வளைவுக்கு உள்ளே போட்டால் 2, வெளியே இருந்து போட்டால் 3. 3×3-ல் உள்ளே 1, வளைவுக்கு வெளியே 2. வளைவின் தூரம் அதே 6.75 மீட்டர்தான், ஆனால் கூலி இரட்டிப்பு. வெளியே இருந்து 30 சதவீதம் போடுகிற ஒருவர் ஒரு ஷாட்டுக்குச் சராசரி 0.6 புள்ளி தருகிறார். அவருக்கு ஈடுகொடுக்க எதிரணியின் உயரமான ஆள் ரிங்குக்குக் கீழே 60 சதவீதம் போட வேண்டும். ஐவர் ஆட்டத்தில் அதே 30 சதவீத ஷூட்டருக்கு ஈடாக உள்ளே 45 சதவீதம் போட்டாலே போதும். உயரம் குறைந்த நாடுகளுக்கு 3×3-ல் இடம் கிடைப்பது இந்த வித்தியாசத்தால்தான். நல்ல ஷூட்டரை வளர்க்கலாம். ஏழடி ஆளை வளர்க்க முடியாது.

இனி சேவைக்குள் போவோம். தரவரிசையின் கணக்கு எளிமையானது. ஒரு வீரர் கடந்த 12 மாதங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த ஒன்பது முடிவுகளின் புள்ளிகள் கூட்டப்படுகின்றன. நாட்டின் தரவரிசைக்கு அந்த நாட்டின் முதல் 25 பேரின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். டோக்கியோ காலத்தில் இது 100 பேராக இருந்தது. 25 ஆகக் குறைந்ததில் சின்ன நாடுகளுக்கு நிம்மதி உண்டு. ஆனாலும் 25 என்பது தேசிய அணியின் நான்கு பேர் இல்லை. வெளிநாடு போய் ஆடுகிற எட்டுப் பேர் பெரும்பங்கு புள்ளி கொண்டுவந்தாலும் மீதி 17 பேரும் உள்ளூரில் பதிவான போட்டிகளில் தொடர்ந்து ஆடினால்தான் தொகை ஏறும். நால்வரை மட்டும் தத்தெடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டு, உள்நாட்டில் வருடத்துக்கு ஒரே ஒரு சாம்பியன்ஷிப் நடத்தும் கூட்டமைப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

12 மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். போன ஜூனில் ஆடிய போட்டியின் புள்ளி இந்த ஜூனில் போய்விடும். ஒலிம்பிக்குக்கு நவம்பர் 1 அன்று கணக்கு எடுத்தார்கள் என்றால், முந்தைய நவம்பரிலிருந்து அக்டோபர் கடைசி வரையிலான ஆட்டங்களுக்குத்தான் மதிப்பு. செப்டம்பரில் நடத்த வேண்டிய பெரிய போட்டியை மழை, அரங்கு கிடைக்கவில்லை என்று நவம்பர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளினால், அந்த உழைப்பு முழுக்க அடுத்த வருடக் கணக்கில்தான் சேரும். எந்தப் போட்டிக்கு எந்தத் தேதியில் தரவரிசையைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள்காட்டி போடுவதுதான் சரி. ஒரு வீரருக்கு ஒன்பது நல்ல முடிவுகள் வேண்டுமென்றால் பன்னிரண்டு போட்டிகளாவது திட்டத்தில் இருக்க வேண்டும். காயம், விசா, பள்ளித் தேர்வு என்று இரண்டு மூன்று போய்விடும்.

ஆட்டக்காரர் கணக்கு என்ற பகுதிதான் இந்தச் சேவையின் பலவீனமான கண்ணி. மென்பொருளில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, நடைமுறையில்தான் சிக்கல். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கி அதை உறுதி செய்ய வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலருக்குச் சொந்த மின்னஞ்சல் இருக்காது. பள்ளி கோச் தன் முகவரியையே எல்லாருக்கும் கொடுப்பார், அது ஏற்காது. பிறகு போட்டியன்று காலையில் பதிவு மேசையில் அவசரமாகப் புதுக் கணக்கு. அடுத்த மாதம் வேறு ஊரில் கடவுச்சொல் மறந்து இன்னொரு கணக்கு. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு வந்ததும் புள்ளி இரண்டாகப் பிரிந்துவிடும். ஆசியப் பெயர்களில் இது இன்னும் அதிகம். தந்தை பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து கூடுமா என்று ஒவ்வொரு முறையும் மாறும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கணக்கு தொடங்கும் நாள் என்று ஒன்றை வையுங்கள். பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், இல்லாதவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி. பிறந்த தேதியை நாள், மாதம் மாறாமல் பாருங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அங்கேயே, அந்தப் பிள்ளையின் போனிலேயே திறந்து அழுத்தச் செய்யுங்கள். கூட்டமைப்பில் ஒரே ஒரு ஆள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, போட்டி முடிந்ததும் முடிவுகளோடு ஒப்பிட வேண்டும். சம்பளம் கொடுத்து இதற்கென்று ஒருவரை வைப்பது வீண்செலவு இல்லை. ஒரு பெரிய போட்டிக்கான பயணத்தை விட அவர் அதிகப் புள்ளி சேர்த்துக் கொடுப்பார்.

கணக்கு சரியில்லாததன் பாதிப்பு தரவரிசையோடு நிற்பதில்லை. போட்டிகளில் அணிகளை வரிசைப்படுத்தும்போது அணியின் சிறந்த மூன்று பேரின் புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் போடுகிறார்கள். புள்ளி பதிவாகாத நல்ல அணி கடைசி இடத்தில் வந்து, முதல் நாளே பலமான அணிகள் இருக்கும் குழுவில் மாட்டிக்கொள்ளும்.

ஈவென்ட்மேக்கர் நல்ல மென்பொருள், மனதாரச் சொல்லலாம். குழுப் பிரிப்பு, கால அட்டவணை, முடிவு, புள்ளிப்பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் நேரக் கணக்கை அது உங்களுக்காக யோசிக்காது. ஆட்டம் 10 நிமிடம் அல்லது 21 புள்ளி என்பதைப் பார்த்து, 15 நிமிட இடைவெளியில் அட்டவணை போடுபவர்கள் மதியத்துக்குள் தவித்துப் போவார்கள். பந்து நிற்கும்போது கடிகாரமும் நிற்கும். ஃப்ரீ த்ரோ, டைம் அவுட், வார்ம் அப் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் ஒதுக்க வேண்டும். 16 அணி, நான்கு குழு என்றால் குழு ஆட்டம் 24. காலிறுதி முதல் மூன்றாம் இட ஆட்டம், இறுதி வரை இன்னும் 8. மொத்தம் 32 ஆட்டத்துக்கு 800 நிமிடம், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரே கோர்ட்டில் ஒரே நாளில் நடக்காது. இரண்டு கோர்ட், இல்லையென்றால் இரண்டு நாள்.

குழுவில் சமநிலை வந்தால், வெற்றி எண்ணிக்கை, பிறகு நேருக்கு நேர் முடிவு, அதன்பின் சராசரியாக எடுத்த புள்ளி என்று பார்க்கிறார்கள். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்பது கணக்கில் வராது, எவ்வளவு எடுத்தோம் என்பதே வரும். 8-க்கு 17 என்று பின்தங்கியிருந்தாலும் கடைசி நிமிடத்தில் வெளியே இருந்து ஷாட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐவர் ஆட்டப் பழக்கத்தில் தோல்வி உறுதியானதும் பந்தைக் கையில் வைத்து நேரம் கழிக்கும் அணிகள் இப்படித்தான் காலிறுதியை இழக்கின்றன.

பந்துக்கு வருவோம். வில்சன் நிறுவனத்தின் 3×3 பந்துதான் அதிகாரப்பூர்வமானது. சுற்றளவு பெண்களின் ஐவர் ஆட்டத்துக்கான 6-ஆம் எண் பந்தைப் போல 71.5 முதல் 73 செ.மீ., எடை ஆண்களுக்கான 7-ஆம் எண் பந்தைப் போல 580 முதல் 620 கிராம். ஆண், பெண் இருவருக்கும் ஒரே பந்து. இதன் விளைவு இரு பக்கமும் வேறு. ஆண்களுக்குப் பந்து கைக்குள் அடங்கும், ஒரு கை பாஸ் வேகமாக வரும். பெண்களுக்குப் பழகிய அளவுதான், ஆனால் எடை சுமார் 70 கிராம் கூடுதல். ஐவர் ஆட்டத்தில் 6-ஆம் எண் பந்தோடு 510-550 கிராமில் வளர்ந்த பெண், முதல் சில வாரம் வளைவுக்கு வெளியே இருந்து போடுவதெல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் அடிக்கும். கோச் உடனே மணிக்கட்டைத் திருத்தப் போகக்கூடாது. கால், இடுப்பிலிருந்து வரும் விசை போதவில்லை. நான்கு மீட்டரிலிருந்து தொடங்கி, குனிந்து எழும் வேகத்தைக் கூட்டி, வாரத்துக்கு அரை மீட்டர் வீதம் பின்னால் போனால் ஒன்றரை மாதத்தில் சரியாகும். அதுவரை இரண்டு வகைப் பந்தையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

ஆட்டப் பந்தைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் தினப் பயிற்சிக்கு விட்டால் மேல்தோல் சீக்கிரம் வழுக்கையாகிவிடும். அதே அளவு, அதே எடையில் ரப்பர் தோல் பந்துகளைப் பயிற்சிக்கு வாங்கி, ஆட்டப் பந்தை வாரத்தில் இரண்டு நாள் டைல் தரையிலோ உள்ளரங்கிலோ மட்டும் எடுங்கள். எட்டுப் பேருக்கு நான்கு ஆட்டப் பந்து, எட்டுப் பயிற்சிப் பந்து என்பது நியாயமான தொடக்கம். குளிர் நாடுகளுக்கு ஒரு விஷயம். 20 டிகிரி அறையில் 8 பவுண்டு அழுத்தத்தில் காற்றடித்த பந்து, மைனஸ் 10 டிகிரியில் கிடந்தால் 6-க்கும் கீழே இறங்கிவிடும். வண்டியிலேயே இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பந்து செத்துக் கிடக்கிறது என்று காற்றடித்து, அது உள்ளே வந்து சூடானதும் கல்லாகத் துள்ளும். முதலில் அறை வெப்பத்துக்கு வரட்டும், பிறகு அளவுமானியில் பாருங்கள்.

கோர்ட் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம், 165 சதுர மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டால் 221. ஒன்றோடொன்று கோக்கும் பாலிபுரொப்பிலின் டைல் 25 செ.மீ. சதுரமாக இருந்தால் 3,536 டைல் தேவை. உடைவதற்கும் கோடு வண்ணம் மாற்றுவதற்கும் 100 கூடுதலாக வாங்குங்கள். வெயிலில் இந்தப் பொருள் விரியும். 15 மீட்டரில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு நான்கு செ.மீ.க்கு மேல். சுவரோடும் கம்பத்தோடும் ஒட்டிப் போட்டாலோ ஓரத்தில் போல்ட் அடித்தாலோ மதியத்தில் நடுவில் புடைத்துக்கொள்ளும், கணுக்கால் திருகும். ஐந்து செ.மீ. இடைவெளி விட்டுவிடுங்கள். கீழே உள்ள சிமென்ட்டில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் பந்து எழும்பாது, காலால் தட்டினால் தொம்மென்று சத்தம் வரும். பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் டைல். பணம் இல்லையென்றால் டைலைத் தள்ளிப்போடலாம், பந்தைத் தள்ளிப்போடக்கூடாது. ஐவர் கோர்ட்டின் ஒரு பாதியிலேயே பயிற்சி நடத்தலாம்.

சேவை தராத பகுதிதான் அதிக வேலை. ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்தபின் ஷாட் போட்டாக வேண்டிய நேரம், 12 நொடி. எதிரணி கூடை போட்டதும் பந்தை ரிங்குக்குக் கீழே எடுத்து, டிரிபிள் செய்தோ பாஸ் கொடுத்தோ வளைவுக்கு வெளியே கொண்டுபோன பிறகுதான் ஷாட் போடலாம். அதற்கே மூன்று நொடி போகும். மிச்சம் ஒன்பதில் ஒரு ஸ்க்ரீன் (சக ஆட்டக்காரருக்காக எதிராளியை வழிமறித்து நிற்பது), ஒரு பாஸ், ஷாட், அவ்வளவுதான். ஆகவே ஐவர் ஆட்டத்தின் முன்கூட்டியே திட்டமிட்ட நீளமான செட் பிளேக்களை இங்கே கொண்டுவருவதில் பயனில்லை. பயிற்சியில் 12 நொடிக் கடிகாரம் எப்போதும் கண்ணெதிரே ஓட வேண்டும். கூடை விழுந்தவுடன் யார் பந்தை எடுப்பது, யார் வளைவுக்கு ஓடுவது என்பதை நால்வரும் யோசிக்காமல் செய்யும் வரை, பத்து நிமிடத் தொடர் ஆட்டமாக இதையே ஆட விடுங்கள்.

ஃபவுல் கணக்கில்தான் புது அணிகள் சரிகின்றன. தனிநபர் ஃபவுலில் வெளியேற்றம் இல்லை என்று கேள்விப்பட்டு முரட்டுத்தனமாக ஆடுவார்கள். அணி ஃபவுல் ஏழு முதல் ஒன்பது வரை எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பத்திலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே. 21-ல் முடியும் ஆட்டத்தில் இது தலையைச் சாய்த்துவிடும். ஐந்தாவது ஃபவுலை எப்போது செய்தோம் என்று ஆடுபவரே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் கோச் உட்கார முடியாது. ஒரே ஒரு 30 நொடி டைம் அவுட்டை எப்போது கேட்பது, யாரை மாற்றுவது எல்லாம் நால்வரின் முடிவு. பயிற்சி ஆட்டங்களில் கோச் வாயை மூடிக்கொண்டு மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோச்சின் குரலுக்கே பழகிய பிள்ளைகள் மிரளுவார்கள், அதைத் தாண்டி வர ஒரு சீசன் ஆகும். உயரம் குறைந்த அணி டிஃபென்ஸில் எல்லாவற்றையும் ஸ்விட்ச் செய்தே, அதாவது தடுக்கும் ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். அதனால் உயரமான ஆள் மேல் குள்ளமானவர் மாட்டுவது நிச்சயம். அவர் முன்னால் நின்று பாஸை மறிக்கவும், பின்னால் மிதந்து வரும் பந்துக்கு மூன்றாமவர் வரவும் தினமும் பழக வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் உடல் மோதலுக்கு நடுவர் விசில் ஊதுவது குறைவு. உள்ளூர் நடுவர்கள் அதே அளவில் ஊதாவிட்டால் தேசிய அணி வெளியே போய்த் திகைத்து நிற்கும்; எனவே நடுவர் பயிற்சிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

இதை வைத்து ஐவர் தேசிய அணியும் வளர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்க முடியாது. அது வேறு பாதை. பசிபிக் தீவான குவாம் தகுதிச் சுற்றுகளை ஆடி ஆடித்தான் 2025 ஐவர் ஆசியக் கோப்பையில் முதல்முறை இடம்பிடித்தது. ஐவர் ஆட்டத்துக்கு உள்நாட்டு லீக், உயரமானவர்கள், 12 பேர் ஆழம் மூன்றும் வேண்டும், 3×3 இந்த மூன்றையும் தராது. தரக்கூடியது பந்தோடு நம்பிக்கையாக ஆடும் தனித்திறன். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 3×3 ஆடிய இலங்கை போன்ற நாடுகள் இரண்டுக்கும் ஒரே ஆட்களை இழுக்கும்போது, காலண்டர் மோதும். 23 வயதுக்குக் கீழே உள்ள நான்கைந்து பேரையாவது 3×3-க்கு மட்டும் என்று ஒதுக்கி, 21, 23 வயதுப் பிரிவுகளுக்கான ஃபிபாவின் 3×3 நேஷன்ஸ் லீக்கில் சேர முயல்வது நல்லது. சில நாட்களுக்குள் வலுவான அணிகளோடு பல ஆட்டங்கள் கிடைக்கும்.

குறை ஒன்றை ஃபிபாவிடம் சொல்லியே ஆக வேண்டும். பெரிய போட்டிகளுக்குத்தான் புள்ளி அதிகம், அவை பெரும்பாலும் தூரத்தில் நடக்கின்றன. விமானச் செலவும் விசாவும் தாங்காத நாடு உள்ளூரில் எத்தனை நடத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் ஏற முடியவில்லை. 2022-லிருந்து 3×3 ஆசியக் கோப்பை தொடர்ந்து சிங்கப்பூரில் நடப்பதில் அந்த நாட்டுக்குக் கிடைக்கும் வாய்ப்பு நேபாளத்துக்கோ மாலத்தீவுக்கோ எட்டாது. இந்த நிலை மாறும் வரை அவர்களால் செய்யக்கூடியது பக்கத்து நாடுகள் மூன்று நான்கு சேர்ந்து, செலவைப் பகிர்ந்து, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பதிவு பெற்ற போட்டிகளை அடுத்தடுத்து நடத்துவது. ஒரே விமான டிக்கெட்டில் ஒவ்வொரு வீரருக்கும் அந்த ஒன்பதில் மூன்று முடிவு கிடைத்துவிடும்.